வீண்விரயம் எந்தக் கணக்கில் விழுகிறது? குறிஞ்சாக்கேணியை முன்வைத்து அரச, தனியார் துறைகள் பற்றிச் சில குறிப்புகள்

"அரசாங்கத்துக்கு யாவாரம் தெரியா. தனியாரிட்டக் குடுத்துப் பாருங்க, ஆறு மாசத்தில லாபம் காட்டுவான்" என்ற பேச்சைக் கிண்ணியாவின் தேநீர்க் கடைகளில் கேளாதவர் இருக்க முடியாது. அதே கடையில், அதே வாயால், பத்து நிமிடம் கழித்து "மில்காரன் நம்மளக் கொள்ளையடிக்கான், அரசாங்கம் என்ன பாத்துக்கிட்டு இருக்கு?" என்பதும் வரும். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அரச துறை என்றால் வீண்விரயம், தனியார் துறை என்றால் வினைத்திறன் என்று ஒரு சாராரும், தனியார் என்றாலே சுரண்டல் என்று மறுசாராரும் தத்தம் முடிவோடுதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

நான் அரச காரியாலயமொன்றின் கணக்குப் பகுதியில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற பின் வியாபாரிகள் சிலரின் புத்தகங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்துக் கணக்கையும் கையால் புரட்டியவன் என்ற அளவில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் செலவைக் குறைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தச் செலவு உண்மையிலேயே இல்லாமல் போனதா, அல்லது அந்தப் புத்தகத்திலிருந்து எடுத்து வேறொருவர் தலையில் வைக்கப்பட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்க நம் நாட்டில் குறிஞ்சாக்கேணியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. கிண்ணியா நகரத்துக்கும் குறிஞ்சாக்கேணிப் பக்கத்துக்கும் இடையில் களப்பு. பழைய பாலம் ஒடுக்கமானது, பழுதடைந்தது. 2021 இல் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியது. பாலம் கட்டும் காலத்தில் சனங்கள் என்ன செய்வது? தரைவழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கும், கைக்குழந்தையோடு வைத்தியசாலைக்குப் போகிற தாய்க்கும் அந்தச் சுற்று என்பது காசும் நேரமும். ஆகவே நகர சபையின் அனுமதியோடு தனியார் ஒருவர் ஓட்டிய மிதப்புப் பாதை அந்தத் தண்ணீரில் ஓடியது. (கிழக்கில் நாம் பாதை என்றால் படகுப் பாதைதான். வெளியூர் வாசகருக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

2021 நவம்பர் 23 ஆம் திகதி காலையில், பாடசாலை தொடங்கும் நேரத்தில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்தானார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். வைத்தியசாலையில் பின்னர் இறந்தவர்களோடு எண்ணிக்கை அதையும் தாண்டியது. பாதையில் உயிர்காப்பு அங்கி இருக்கவில்லை என்பதும் தாங்கக்கூடியதை விட அதிகமாக ஆட்களை ஏற்றினார்கள் என்பதும் அந்த நாட்களின் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தன. பாதையை நடத்தியவர்கள் கைதானார்கள். அனுமதி கொடுத்த நகர சபையின் தவிசாளரும் கைதானார். பிறகு கடற்படை வந்து அதே தண்ணீரில், உயிர்காப்பு அங்கி அணிவித்து, ஆட்களை ஏற்றி இறக்கியது. 2022 இல் நாடே வங்குரோத்தானபோது பாலத்தின் வேலையும் முடங்கியது.

இதைத் துயரச் சம்பவமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இதைக் கணக்காகப் பார்க்கச் சொல்கிறேன், மனசு கல்லாகிப் போனதால் அல்ல. கணக்கைப் பார்க்காததால்தான் அந்தப் பிள்ளைகள் போனார்கள் என்பது என் எண்ணம்.

பாலம் ஒன்றை உடைத்துக் கட்டும்போது, கட்டி முடியும்வரை ஆட்கள் கடப்பதற்கான வழியும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். கல், கம்பி, சீமெந்து போல அதுவும் மதிப்பீட்டில் வரவேண்டிய செலவு. அது வராவிட்டால் பாலத்தின் செலவு கடதாசியில் குறைவாகத் தெரியும். குறைந்த அந்தத் தொகை எங்கே போயிற்று? சுற்றுவழியில் போகிறவரின் முச்சக்கரவண்டிக் கூலியாகவும், பாதையில் போகிறவரின் கட்டணமாகவும், கடைசியில் அவரது உயிராகவும் மாறிப் போயிற்று. அடுத்து பாதைக்காரர். அவர் அங்கி வாங்காமல் விட்டால் அது அவருக்கு மிச்சம். இன்னும் ஐந்து பேரை ஏற்றினால் எண்ணெய்ச் செலவு கூடாமல் வருமானம் கூடும். அவருடைய சின்னக் கொப்பியில் அந்தத் தொழில் அவ்வளவு வினைத்திறனாகத் தெரிந்திருக்கும்! மூன்றாவது கடற்படை. மாலுமிகளின் சம்பளம், எரிபொருள், படகு, அங்கி எல்லாம் போட்டுப் பார்த்தால் அந்தச் சேவை பச்சை நட்டம். மூன்று கணக்கிலும் நல்ல வரவு செலவு காட்டுவது பாதைக்காரரின் கணக்குத்தான். எந்தப் பாதையில் உங்கள் பிள்ளையை ஏற்றுவீர்கள்?

இந்த உதாரணத்தை வைத்துக்கொண்டு "பாத்தீங்களா, தனியார் கூடாது" என்று யாரும் கைதட்ட வேண்டாம். அனுமதி கொடுத்ததும் அரச பக்கத்து நிறுவனம்தான். அந்தப் பாதையை அளந்து, இத்தனை பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று எழுதி, தினமும் ஒருவரைத் துறையில் நிறுத்தியிருக்க வேண்டியது யார்? பாலத்தை உடைத்தது ஒரு நிறுவனம், அனுமதி கொடுத்தது இன்னொன்று, ஓட்டியது தனியார். நடுவில் யாருடைய புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு பொறுப்பு விழுந்து கிடந்தது.

அரச துறை வீண்விரயம் என்று நாம் சொல்வது எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அரச காரியாலயத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒதுக்கீடு வருகிறது. டிசம்பர் 31 க்குள் செலவழிக்காத பணம் திறைசேரிக்குத் திரும்பும். திரும்பினால் அடுத்த ஆண்டு "உங்களுக்குத்தான் தேவைப்படேல்லயே" என்று ஒதுக்கீட்டைக் குறைப்பார்கள். ஆகவே ஜனவரியிலிருந்து கூரை ஒழுகினாலும் ஓடு மாற்றப் பணம் வராது, டிசம்பர் நடுப்பகுதியில் கதிரைகள் வந்து இறங்கும். நான் இருந்த காரியாலயம் ஒன்றில் ஆண்டு முடிவில் வாங்கிய அலுமாரிகளை வைக்க இடமில்லாமல் நடைபாதையில் அடுக்கி வைத்திருந்தோம். அலுமாரி வாங்கியவர் களவெடுக்கவில்லை. விலைமனு மூன்று பெற்று, மிகக் குறைந்ததைத் தெரிந்து, வவுச்சரில் ஒப்பமிட்டு, சட்டப்படிதான் வாங்கினார். கணக்காய்வில் ஒரு கேள்வியும் வரவில்லை. சட்டப்படி நடந்த வீண்விரயத்தைக் கண்டுபிடிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டம்.

அந்த மூன்று விலைமனு விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தர் தன் மச்சானின் கடையில் வாங்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி அது. ஆனால் ஒரு தண்ணீர்ப் பம்பின் சிறு உதிரிப் பாகம் வாங்கவும் அதே விதிப்படி கடிதங்கள் ஓடும்போது, பம்பு நின்ற நாட்களுக்கு யார் கணக்கு வைப்பது? ஒரு ரூபா களவு போகாமலிருக்கப் பத்து ரூபாவின் நேரத்தைச் செலவழிக்கிறோம். தனியார் வியாபாரியோ தொலைபேசியை எடுத்து, "அந்தச் சாமான அனுப்பி வையுங்க காக்கா, சல்லி நாளைக்கு" என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். தன் காசை அவரே நம்பலாம். பொதுப் பணத்தை நாம் யாரையும் நம்பி விடுவதில்லை. அரச துறையின் மெத்தனத்தில் ஒரு பகுதி சோம்பல். இன்னொரு பகுதி, நாம் அதன்மீது வைத்திருக்கும் நியாயமான சந்தேகத்தின் விலை.

தனியாரிடம் வீண்விரயம் இல்லையா? நான் பார்க்கும் புத்தகங்களில் தாராளமாக உண்டு. திகதி கழிந்து கிடக்கும் சரக்கு, வேலைக்கே வராமல் சம்பளம் எடுக்கும் மருமகன், தேர்தல் காலத்து நன்கொடை, ஊருக்குக் காட்ட வாங்கிய வாகனம். ஆனால் அது அவருடைய சல்லி. பத்திரிகையில் வராது, கோப் குழு விசாரிக்காது. கடை மூடினால் "யாவாரம் சரிவரல்ல" என்று இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடும். அரச வீண்விரயம் அதிகமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அது கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் அச்சாகி வருவதுதான். தனியாரின் வீண்விரயம் நம் கண்ணுக்குப் படுவது, அடுத்தவர் பணத்தில் அவர் விளையாடி முடித்த பிறகு. 2008 டிசம்பரில் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்புப் பணம் சிக்கியது. அதற்கு முந்திய நாள்வரை அதை வினைத்திறனுள்ள நிறுவனம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

நம் பகுதி விவசாயிகளுக்கு இந்த ஒப்பீடு புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயமல்ல, ஒவ்வொரு போகமும் களத்தில் நடப்பது. நெல் சந்தைப்படுத்தும் சபை 1971 இல் உருவானது. 1990களில் முடங்கி, 2000களின் பிற்பகுதியில் மீண்டும் உயிர்பெற்றது. அதன் விலை பெரும்பாலும் தனியார் கொடுப்பதை விட மேலானது. ஆனால் நெல்லில் ஈரப்பதன் நூற்றுக்கு 14 க்கு மேல் இருக்கக்கூடாது. காயவைக்கத் தளம் வேண்டும், வெயில் வேண்டும், மூட்டையை ஏற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோக உழவு இயந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களஞ்சியம் திறந்திருக்க வேண்டும். திறைசேரியிலிருந்து பணம் வந்து, விலை அறிவிக்கப்பட்டு, கதவு திறக்கும்போது பாதி நெல் ஏற்கனவே வயலைவிட்டுப் போயிருக்கும்.

தனியார் வியாபாரியோ அறுவடை இயந்திரம் வயலில் நிற்கும்போதே லொறியோடு வந்துவிடுகிறார். ஈர நெல்லையும் எடுப்பார். காசைக் கையில் எண்ணி வைப்பார். விதைப்புக் காலத்தில் பசளைக்கும் எண்ணெய்க்கும் கடன் கொடுத்தவரும் சில நேரம் அவரேதான். விலை குறைவு, ஈரத்துக்கென்று கழிவு, மூட்டைக்கென்று கழிவு. எனக்குத் தெரிந்த வயதான விவசாயி ஒருவர் சொல்வார்: "அவன் களவெடுக்கான்தான் தம்பி, ஆனா நேரத்துக்கு வந்து களவெடுக்கான்." அந்த ஒரு வசனத்தில் ஒரு முழு ஆய்வு இருக்கிறது. வியாபாரியின் வினைத்திறன் உண்மையானது. வீதி, லொறி, காசு, நேரம் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து வைத்திருக்கிறார். அந்த வினைத்திறனால் கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கு விவசாயிக்கு வரவேண்டுமானால், அவருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்க வேண்டும். சபை திறந்திருந்து, விவசாயி போகாவிட்டாலும்கூட, வியாபாரி விலையை ஏற்றிக் கேட்பார். சபை மூடிக் கிடக்கும் அந்தச் சில வாரங்களில் விவசாயி இழக்கும் தொகை எந்த அரச கணக்கிலும் நட்டமாகப் பதியப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2015 இல் நெல் சபைக்கு களஞ்சியம் போதாமல், மத்தல விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில் நெல்லை அடுக்கினார்கள். 2013 இல் திறக்கப்பட்டு விமானங்கள் வராமல் கிடந்த நிலையம் அது. ஓர் அரச நிறுவனத்தின் வீண்விரயத்துக்குள் இன்னோர் அரச நிறுவனத்தின் நெல் மூட்டை! கேலி செய்யலாம். ஆனால் அந்தக் கட்டடம் அந்த ஆண்டில் செய்த உருப்படியான வேலையும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி துறைமுகத்தின் பக்கம். சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றிப் பேசாமல் திருகோணமலை மாவட்டத்தில் வீண்விரயம் பற்றி எழுத முடியாது. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய குதங்களில் 99 எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பன்னிரண்டாயிரம் கிலோலீற்றர் அளவு கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்த குதத்தின் சிதைவு இன்றும் காட்டுக்குள் கிடக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் அரசின் கைக்கு வந்த இந்தப் பெரும் சொத்தின் மேல்தொகுதி பல தசாப்தங்கள் காடு மண்டிக் கிடந்தது. இதைவிட அரச வீண்விரயத்துக்கு உதாரணம் வேண்டுமா என்று கேட்பார்கள்.

சரி, 2003 இல் லங்கா ஐஓசி வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் என்ற அடிப்படையில் உடன்பாடு. "கம்பனி வந்திட்டு, இனி எல்லாக் குதமும் ஓடும்" என்றார்கள். அடுத்த பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகளில் அது பயன்படுத்தியது கீழ்த்தொகுதியை மட்டும்தான். மேலே காடு அப்படியே இருந்தது. கம்பனியின் பார்வையில் இது வீண்விரயமே அல்ல. தனக்குத் தேவையான குதங்களைத் துப்புரவாக்கினார்கள், அதில் இலாபம் பார்த்தார்கள். மிச்சத்தைத் திருத்தச் செலவழித்தால்தான் அவர்கள் கணக்கில் வீண்விரயம். நாட்டின் கணக்கில்தான் அது நட்டம். 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை வந்தது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிகுதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு.

அந்த ஆண்டின் நடுப்பகுதியை யாரும் மறக்கமாட்டோம். ஜூன் கடைசியில் கூட்டுத்தாபனத்தின் நிலையங்கள் வறண்டன. எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். ஐஓசி நிலையங்களில் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. வரிசையில் நின்றவர்கள் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம்: "பாத்தியா, தனியார் தனியார்தான்!" ஆனால் லங்கா ஐஓசி யாருடையது? அதன் பெரும்பங்கு இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு. இந்தியன் ஒயிலின் பெரும்பங்கு இந்திய அரசாங்கத்துக்கு. நாம் தனியார் என்று வியந்தது இன்னொரு நாட்டின் அரச கூட்டுத்தாபனத்தின் பிள்ளையை. 2023 இல் வந்த சினோபெக்கும் சீன அரசின் நிறுவனம்தான். அரசுக்குச் சொந்தமாக இருந்தாலே விளங்காது என்றால் இவர்கள் எப்படி விளங்கினார்கள்? எங்கள் கூட்டுத்தாபனம் டொலர் இல்லாத அரசின் கையில் இருந்தது. அரசியலுக்காகச் செலவை விடக் குறைந்த விலைக்கு விற்கச் சொன்னால் விற்றது. கொடுத்த கடனை மின்சார சபையிடமிருந்து வாங்க முடியாமல் நின்றது. ஐஓசிக்கு நட்டத்துக்கு விற்கச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. உடைமையாளர் அரசா தனியாரா என்பதை விட, உடைமையாளர் நாளாந்தம் எவ்வளவு தூரம் கையை உள்ளே விடுகிறார் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

விமானக் கம்பனியிலும் இதையே கண்டோம். 1998 முதல் 2008 வரை ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் நிர்வாகம் எமிரேட்ஸ் கையில் இருந்தது. ஜனாதிபதியின் குழுவுக்கு இடம் கொடுப்பதற்காகக் காசு கொடுத்த பயணிகளை இறக்க மறுத்த சர்ச்சைக்குப் பின் அந்த உறவு முறிந்தது. பிறகு வந்த நட்டங்களை நாம் எல்லாரும் வரியாகக் கட்டுகிறோம், விமானத்தில் ஒருநாளும் ஏறாதவர்கள் உட்பட. எமிரேட்ஸும் துபாய் அரசின் சொத்துத்தான் என்பதை இங்கே மறந்துவிட வேண்டாம்.

கந்தளாய் சீனித் தொழிற்சாலை பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கட்டப்பட்டு, 1960 அளவில் ஓடத் தொடங்கி, 1990களில் மூடப்பட்ட அரச ஆலை. கரும்பு நட்டவர்கள் நெல்லுக்கு மாறினார்கள். பிறகு முதலீட்டாளர்கள் வந்தார்கள், உடன்படிக்கை வந்தது, பிணக்கு வந்தது, சீனி மட்டும் வரவில்லை. அரசும் தனியாரும் ஆளுக்கொரு முறை தோற்ற இடம். சீனன்குடாவில் 1980 இல் தொடங்கிய பிறிமா மாவாலையை எதிர்ப்பக்க உதாரணமாகக் காட்டுவார்கள். உண்மையிலேயே நன்றாக நடக்கிற ஆலை. கப்பலிலிருந்து கோதுமை நேரே ஆலைக்குள் போகிறது. ஆனால் நீண்ட காலம் இந்த நாட்டில் அதற்குச் சமமான போட்டி இருக்கவில்லை. போட்டியில்லாத இடத்தில் ஆலை எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அந்த மிச்சம் பாண் விலையில் இறங்கி வரவேண்டிய கட்டாயம் இல்லை.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம். 1958 ஜனவரியில் தனியார் பஸ்கள் தேசியமயமாகி இ.போ.ச. பிறந்தது. 1979 இல் தனியாரை மீண்டும் அனுமதித்தார்கள். இன்று இரண்டும் ஒரே வீதியில் ஓடுகின்றன. தனியார் பஸ்ஸில் ஆசனத்துக்கான வருமானம் கூட, ஊழியர் குறைவு. இ.போ.ச. டிப்போவில் பஸ் பழுதானால் உதிரிப் பாகம் வரும்வரை கிடக்கும். நான் முன்னே சொன்ன பம்பின் கதைதான். ஆனால் ஆள் நிறையும்வரை சந்தியில் நிற்பதும், நிறைந்த பின் முன்னால் போகிற பஸ்ஸை முந்தப் பறப்பதும் எது? பயணியின் நேரமும் உயிரும் அதன் கணக்கில் செலவு இல்லை. மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டை ஏற்றுவதும், பின்னேரம் ஆளில்லாத கடைசிப் பயணத்தை ஓடுவதும் இ.போ.ச. அது இ.போ.ச.வின் நட்டக் கணக்கில் விழுகிறது. அந்தப் பிள்ளை படித்து முடித்தது எந்தப் புத்தகத்திலும் வரவாக விழுவதில்லை.

நம் மரபில் இந்த விவாதம் புதிதல்ல. ஆட்சியாளர் தாமே வியாபாரத்தில் இறங்குவது குடிமக்களின் தொழிலையும் கெடுத்து வரி வருமானத்தையும் கெடுக்கும் என்று இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் ஒரு தனி அத்தியாயமே எழுதினார். அரசு கடை போடக்கூடாது என்பவர்கள் அவரைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அவருக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன், ஹிஜ்ரி 450 இல் (கி.பி. 1058) மறைந்த அல் மாவர்தி, ஆட்சி விதிகள் பற்றிய தமது நூலில் ஹிஸ்பாப் பொறுப்பாளரின், அதாவது சந்தையையும் தெருவையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின், கடமைகளை எழுதுகிறார். அதில் ஒன்று, படகுக்காரர்கள் தாங்கக்கூடியதற்கு மேல் ஏற்றுவதையும் பலத்த காற்றில் புறப்படுவதையும் தடுப்பது. படகு தனியாருடையது, இலாபம் தனியாருடையது. ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை படகுக்காரருடைய முடிவு அல்ல. தொழிலைத் தனியாரிடம் விடுவதையும் கண்ணைத் தனியாரிடம் விடுவதையும் அந்தக் காலத்தவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. பக்தாதின் ஆற்றுத் துறையில் தெரிந்திருந்த விஷயம் கிண்ணியாக் களப்பில் தெரியாமல் போனது எப்படி?

எங்கள் மாவட்டத்திலேயே மறுபக்க உதாரணமும் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போக ஒரு காலத்தில் அரச பாதைக்காகக் காத்து நின்றோம். காத்திருந்த மணித்தியாலங்களும், துறையில் பிரசவ வலியோடு தவித்த பெண்களும் அரசின் மெத்தனத்துக்குச் சாட்சி. 2009 ஒக்டோபரில் சவூதி நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்தது. அந்தப் பாலத்தைத் தனியார் கட்டியிருக்க மாட்டார்கள். நாளைக்கு எத்தனை பேர் கடந்தாலும் அதில் வசூலிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஊரில் எழுந்த கடைகள், மீன் லொறிகள், தனியார் வகுப்புகள் எல்லாம் அந்தப் பாலத்தின் மேலால் ஓடித்தான் இலாபம் பார்க்கின்றன. தனியாரின் வினைத்திறனில் எத்தனை பங்கு அரசின் நட்டத்தில் நிற்கிறது என்று யாராவது கணக்குப் போட்டால் நல்லது.

ஆகவே குறிஞ்சாக்கேணிப் பாதை மாதிரி ஒன்று நம் ஊரில் இனி எங்கே ஓடினாலும், அது அரசுடையதா தனியாருடையதா என்று சண்டை பிடிப்பதை விட்டுக் கேட்க வேண்டியவை வேறு. அனுமதிப் பத்திரத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது? படகைப் பரிசோதித்தவர் யார், எந்தத் திகதியில்? உயிர்காப்பு அங்கி அனுமதியின் நிபந்தனையா? கட்டணத்தில் எவ்வளவு சபைக்குப் போகிறது, அந்தப் பணத்தில் கண்காணிப்புக்கு எவ்வளவு? பாலம் கட்டும் மதிப்பீட்டில் மாற்று வழிக்கு ஒரு வரி இருக்கிறதா?

இவற்றைக் கேட்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்தச் சட்டம் அரச காரியாலயங்களோடு நிற்பதில்லை. உள்ளூராட்சி சபையொன்றின் அனுமதியின் கீழோ ஒப்பந்தத்தின் கீழோ பொதுச் சேவை நடத்தும் தனியாரையும், அந்தச் சேவையின் அளவுக்கு, அது தொடுகிறது. பாதைக்காரர், குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர், சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் எல்லாரும் அதற்குள் வருவார்கள். விண்ணப்பத்தைச் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான துண்டை வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுங்கள்.